மருமகன் பங்கு

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவான். அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டுக்கு மட்டுமல்ல, ஊருக்கே மருமகன். மீனில் நல்ல துண்டு அவனுக்கு வரும், பாயில் காற்றுப் படுகிற பக்கம் அவனுக்குக் கிடைக்கும். ஆனால் கோழிக்கூட்டை எந்தப் பக்கம் வைப்பது என்ற கதையில்கூட அவனை யாரும் கேட்கமாட்டார்கள், அவனும் வாய் திறக்கமாட்டான். உன்னிச்சையிலிருந்து பனிச்சங்கேணிக்கு வந்த குகநேசன் இந்த மரியாதையை மற்ற மருமகன்மாரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காத்தான். அதில்தான் அவனுடைய உத்தியோகம் போனது.

அவன் குளத்து ஊர்க்காரன். உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே விரிந்து கிடக்கிற வயல் வட்டையில் வளர்ந்தவன், உப்புத் தண்ணீரில் கால் வைத்ததில்லை. கடல் ஊருக்குள் வந்த மறுவருடம், தற்காலிகக் கொட்டில்களுக்குச் சோலர் பூட்ட ஒரு தொண்டு நிறுவனம் ஆள் சேர்த்தது. வயல் வேலை இல்லாத காலம் என்பதால் போய்ச் சேர்ந்தான். ஏணியும் வயரும் கைக்குப் பழகிவிட்டன. பனிச்சங்கேணியில் வேலை நடந்தபோது சீதேவியின் கொட்டிலில்தான் அவனுக்குச் சோறு. சீதேவியின் புருஷனை அலை கொண்டுபோயிருந்தது, மிஞ்சியது மகள் மேனுகா மட்டும். அவள் சோறு போட்ட விதத்தையும் இவன் தலை நிமிராமல் தின்ற விதத்தையும் பார்த்து ஊரே சேர்ந்து கலியாணத்தைப் பேசி முடித்தது. செத்துப்போனவரின் தம்பி வல்லிபுரம் தகப்பன் இடத்தில் நின்று பெண்ணைக் கொடுத்தார். மேனுகா கேட்டது ஒன்றே ஒன்று.

“வெளிநாட்டுக்குப் போற எண்ணம் இருந்தா இப்பவே சொல்லுங்க. இந்த வீட்டில ஒரு ஆம்பிள போனது போதும்.”

“போகமாட்டன்,” என்றான் குகநேசன். நினைத்ததைத்தான் சொன்னான்.

மாமியார் சீதேவி அவனோடு நேரே பேசமாட்டாள். பழைய வழக்கம். அவன் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பான், அவளோ குசினிக்குள்ளிருந்து, “மேனுகா, மருமகன் தேத்தண்ணி குடிச்சிட்டாரா கேளு,” என்பாள். மேனுகா அவனைப் பார்க்காமலே, “குடிச்சிட்டாரு,” என்பாள். அவனுக்கு இன்னொரு கோப்பை வேண்டுமா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. இரண்டாவது கோப்பை குடிக்காமலே காலம் போயிற்று.

பிறகு சண்டை வந்தது. ஷெல் விழ விழ ஊர் முழுதும் காட்டு வழியே ஓடியது. சீதேவிக்குக் காலில் காயம். வல்லிபுரம் அண்ணியை முதுகில் சுமந்துகொண்டு வந்தார், பின்னால் குகநேசன் சட்டி பானைகளோடு வந்தான். முகாமில் மாதக்கணக்கில் கிடந்து திரும்பி வந்தபோது கொட்டில்களும் இல்லை, கூரையில் பூட்டிய சோலரும் இல்லை. பாதி கட்டிய கல்வீடுகளைத் தந்தார்கள், கரண்ட் மட்டும் வரவில்லை. அப்போதுதான் கொழும்பிலிருந்த ஒரு கொம்பனி மட்டக்களப்பு டவுனில் சின்னதாக ஒரு ஒஃபிஸ் போட்டு, மீள்குடியேறிய ஊர்களுக்குச் சோலர் பூட்டும் வேலையை எடுத்தது. அந்த ஒஃபிசுக்குப் பொறுப்பு கொன்ராட்.

கொன்ராட் டவுனில் பிறந்து வளர்ந்த, போர்த்துக்கேய வழி வந்த பறங்கியர், தகப்பன் வழியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். கடலோரத்திலிருந்த வீட்டையும் பட்டறையையும் ஒரே காலையில் பறிகொடுத்தவர். கதிரையில் உட்கார்ந்து ஆள் எடுக்கிற வேலை அவருக்குப் பிடிக்கவில்லை, ஆள் கிடைக்காதது அதைவிடப் பிடிக்கவில்லை. டவுன் பெடியன்கள் வயரும் பெற்றரியும் தூக்கிக்கொண்டு சோதனைச் சாவடி தாண்டிப் போக ஏலாது என்றார்கள். அந்தக் காலத்தில் பைக்குள் பெற்றரியும் வயரும் இருந்தால் என்ன கேள்வி வரும் என்று எல்லாருக்கும் தெரியும், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. துணிந்து வந்தவனைப் பழக்கி எடுத்தால் வருடம் திரும்புமுன் வளைகுடா வேலைக்குப் பாஸ்போட்டோடு வந்து நிற்பான்.

“நான் சோலருக்கு ஆள் பழக்கல்ல குகன், கட்டாருக்குத்தான் ஆள் பழக்கிறன்,” என்றார் கொன்ராட் முதல் நாளே. “எனக்கு அந்த ஊரிலேயே படுத்தெழும்புறவன் வேணும். வெளியால இருந்து ஆள் போனா ஒழுங்காக் கதைக்க மாட்டாங்க. சண்டைக்குள்ள கிடந்த சனம், பயம். நீ அவங்கட மருமகன். உன்னட்ட ஒண்டும் ஒளிக்க மாட்டாங்க.”

“ஓம் அண்ணன்.”

“கட்டாருக்குப் போக மாட்டியே?”

“இல்ல அண்ணன். சொல்லிப்போட்டன்.”

“ஆருக்கு?”

“வீட்டில.”

கொன்ராட் சிரித்தார். “அப்பச் சரி. கொம்பனிக்குச் சொன்னத்தான் மாத்துவானுகள்.”

கொன்ராட் சொன்னது சரிதான். ஊர் மருமகனிடம் எதையும் ஒளிக்கவில்லை. அதுதான் வினையாயிற்று.

திரும்பி வந்த முதல் மாரி. வலையெல்லாம் போய், வல்லிபுரத்திடம் மிஞ்சியது ஒரு பழைய தோணியும் கையில் பிடிக்கிற ஒரு அத்தாங்கு வலையும். நிலவில்லாத இருட்டில், கடலோடு சேருகிற வாவிக்குள் விளக்குப் பிடித்தால் இறாலின் கண் சிவப்பாக மின்னும். மின்னுகிற இடத்தில் அத்தாங்கை இறக்கினால் போதும். மண்ணெண்ணெய்க்கு வழியில்லை. வல்லிபுரம் தன் வீட்டுச் சோலர் பெற்றரியைக் கழற்றித் தோணியில் வைத்துக்கொண்டு போனார். விடியற்காலையில் குகநேசன் பல் விளக்கிக்கொண்டு வாசற் படலையடியில் நின்றபோது, சைக்கிள் கரியரில் சாக்கு சுற்றிய பெற்றரியோடு வந்து இறங்கினார். சாக்கிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது.

“மருமகன், உங்கட பெற்றரி நல்ல சாமான். விடியுமட்டும் நிண்டு பிடிச்சுது.”

குகநேசன் வாய்க்குள் இருந்ததைத் துப்பினான். சொல்லவேண்டியது அவனுக்குத் தெரியும். வீட்டுச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. பெற்றரி களைத்துப்போனால் அந்தப் பெட்டி விளக்கை அணைத்து, அதைச் சாகாமல் காப்பாற்றும். தோணியில் அந்தப் பெட்டி இல்லை. கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிடும். இப்படிச் சில தடவை செய்தால் பெற்றரி செத்தது. இதைச் சொல்ல அதிக நேரம் வேண்டியதில்லை. ஆனால் முன்னால் நிற்பவர் பெண் கொடுத்தவர், மாமியாரை முதுகில் சுமந்தவர். நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறார், முகத்தில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

“வயர் கவனம் மாமா,” என்றான் குகநேசன். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

மத்தியானம் ஓலைப்பெட்டியில் மருமகன் பங்கு வந்து சேர்ந்தது. பிடித்ததில் பெரிய இறால்களாகப் பார்த்து எடுத்தவை. சீதேவி முருங்கைக்காயும் தேங்காய்ப் பாலும் விட்டுக் காய்ச்சி, “மேனுகா, மருமகனுக்கு அள்ளி வை,” என்றாள். குளத்து மீன் தின்று வளர்ந்தவன் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டான். முகாமில் பருப்புத் தண்ணீர் குடித்த வயிறு, அதையும் குறை சொல்ல முடியாது.

வல்லிபுரம் செய்ததைப் பார்த்து அடுத்த வீடு செய்தது, பிறகு ஊரே செய்தது. இருட்டுக் காலம் வந்தால் கூரையில் சோலர் தகடு இருக்கும், கீழே பெற்றரி இருக்காது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மருமகன் பங்கு வரும். பின்னேரத்தில் குகநேசன் வீடு வீடாகப் போய் முனைகளில் பூத்த உப்பைச் சுரண்டி, அரத்தாளால் தேய்த்து, தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு வருவான். செத்தவற்றைச் சாமானில் குறை என்று சொல்லிக் கொம்பனியிடம் மாற்று எடுத்துக் கொடுப்பான். ஊர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. மற்ற ஊர்களில் பெற்றரி வருடக்கணக்கில் நின்றது, பனிச்சங்கேணியில் மட்டும் ஒரு மாரியோடு சரி. அவனுடைய கைவேலையில் பிழையே இல்லை, அதை இங்கே சொல்லத்தான் வேண்டும். வாயில்தான் பிழை.

வன்னியில் சண்டை முடிந்தது. பாதை திறந்தது, சாவடிகள் குறைந்தன. கொம்பனி தன் வேலையை ஒழுங்குபடுத்த முடிவெடுத்தது. ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு மார்கழியோடு வேலை முடியும். வாவியின் வடக்குப் பக்க ஊர்கள் எல்லாவற்றுக்கும் ஒரேயொரு நிரந்தர ஆள், சேவைப் பொறுப்பாளர் என்று பெயர். கிடைத்தால் சாகுமட்டும் சோறு, வீட்டிலிருந்தே வேலை. கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்தில் வேறு வேலை இல்லை, கட்டார்தான். மேனுகாவின் இடுப்பில் அப்போது நடைபழகாத ஒரு பெண்குழந்தை.

ஐப்பசி மழைக்கு முன் கொன்ராட் வான் வண்டியில் வந்து இறங்கினார். சீதேவி வீட்டில் பழுதுபார்க்க வைத்திருந்த ஊர்ப் பெற்றரி ஒன்றைக் குனிந்து பார்த்தார். முனையில் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். பிறகு குகநேசனை முற்றத்து மாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“உப்புடா.”

“காத்தில வாற உப்பு அண்ணன்.”

“நான் கடற்கரையில பிறந்தவன். காத்தில வாற உப்பும் தோணியில வாற உப்பும் எனக்குத் தெரியாதா? இறால் மீசையும் ஒட்டிக்கிடக்கு. அதுவும் காத்தில வந்ததா?”

குகநேசன் மண்ணைக் காலால் கிளறினான்.

“இஞ்ச பார் குகன். இன்டர்வியூவில அந்தக் கேள்வி வரும். உன்ட ஊரில மட்டும் ஏன் பெற்றரி சாகுதெண்டு கேப்பாங்க. ஆக்கள் தோணிக்குக் கொண்டு போறாங்க, இனிமே நான் பாத்துக்கொள்றன் எண்டு சொல்லு. ஒரு சொல்லு. வேலை உனக்குத்தான், நான் நிண்டு வாங்கித் தாறன்.”

“சொன்னா மறுகா மாத்துப் பெற்றரி குடுப்பாங்களா?”

“எப்பிடிக் குடுக்கிற? குடுக்க மாட்டாங்க.”

“அப்ப மாமாட வீடு இருட்டாப் போகுமே அண்ணன்.”

“அப்ப உன்ட மாமாட்டயாவது சொல்லன், கழட்ட வேணாமெண்டு.”

“அவருக்கு நான் எப்பிடிச் சொல்ற?”

“வாயாலதான்டா!” கொன்ராட் கத்தியதில் குசினியிலிருந்து சீதேவி எட்டிப் பார்த்தாள். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “எங்கட வீட்டிலயெண்டா என்ட மனிசி ஓட்றி மாமனார் எண்டும் பாக்க மாட்டா, முகத்துக்கு நேர கேட்டுப்போடுவா. நீங்க எல்லாம் என்ன மரியாதையோ.”

மேனுகா தேத்தண்ணி கொண்டுவந்தாள். மழை தூறத் தொடங்கியது. கொன்ராட் கோப்பையைக் கையில் பிடித்தபடி, “வாற பெடியன் எல்லாம் போறான். நீ ஒருத்தன் நிப்பாய் எண்டு நினைச்சன்,” என்றார்.

அன்றிரவே மேனுகாவிடம் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியும்தானே என்று நினைத்தான். எல்லாம் அவள் கண்முன்னால்தானே நடக்கிறது.

இன்டர்வியூ நாளன்று விடாத மழை. மேனுகா சேட்டு ஒன்றை மடிப்புக் கலையாமல் ஷொப்பிங் பையில் சுற்றிக் கொடுத்தாள். ஒஃபிஸ் வாசலில் அதை மாற்றிக்கொண்டு உள்ளே போனான். கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் வயதானவர், நல்ல மனிதர், தமிழ் தெரியாது. கொன்ராட் இடையில் இருந்து மொழி மாற்றிச் சொன்னார். தகட்டை எந்தப் பக்கம் சரிப்பது, வயர் தடிப்பு என்ன, நனைந்த கூரையில் எப்படி ஏறுவது என்று கேட்ட எல்லாவற்றுக்கும் குகநேசன் தடங்கலில்லாமல் பதில் சொன்னான். இஞ்சினியர் தலையாட்டிச் சிரித்தார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

கொன்ராட் தமிழில் கேட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். குகநேசனுக்கு நனைந்த சாக்கோடு நின்ற வல்லிபுரத்தின் முகம்தான் தெரிந்தது.

“என்ட பராமரிப்பு காணாது சேர், என்ட பிழைதான்,” என்றான்.

இஞ்சினியர் கொன்ராட்டின் முகத்தையும் இவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இத நான் இப்பிடியே சொல்லவா?” என்று கொன்ராட் மெதுவாகக் கேட்டார்.

“சொல்லுங்க அண்ணன்.”

வேலை வாழைச்சேனையிலிருந்து வந்திருந்த பாறூக் என்பவனுக்குக் கிடைத்தது. திறமையான பெடியன், அவன் மேல் ஒரு குறையும் இல்லை.

“கிடைக்கல்ல புள்ள. மற்ற ஆள் என்னைவிடக் கூடப் படிச்சவன்,” என்றான் குகநேசன் வீட்டில். மார்கழி முடிய உன்னிச்சைக் கூட்டாளி ஒருவன் மூலம் கட்டார் விசா சரிவந்தது. போகமாட்டேன் என்று சொன்ன சொல்லை மேனுகா நினைவுபடுத்தவில்லை. குழந்தையின் ஒரு சட்டையை மட்டும் அவனுடைய உடுப்புகளுக்கு நடுவே மடித்து வைத்தாள். அதைக் கண்டுவிட்டு அவன் கிணற்றடிக்குப் போய் அழுதான்.

பொங்கல் முடிந்து, அவன் போவதற்கு முதல் நாள், கொன்ராட் பாறூக்கைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். வீட்டுச் சோலர்களின் பொறுப்பைக் கையளிக்கக் குகநேசனும் நிற்கவேண்டியிருந்தது. வாவிக்கரையில் வலை காயப்போடுகிற இடத்தில் ஆட்கள் கூடினார்கள். பாறூக் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி, வயதில் மூத்தவர் யாரென்று பார்த்து நேரே வல்லிபுரத்திடம் வந்தான்.

“ஐயா, ஒரு விசயம் சொல்றன், கோவிச்சுக்கொள்ளப்படா. இந்தப் பெற்றரிய தோணிக்குக் கொண்டு போனா செத்து மௌத்தாப் போயிரும். வீட்டுச் சுவத்தில இருக்கிற பெட்டிதான் அதுக்குக் காவல். காவல் இல்லாம வெளிய கொண்டு போகாதீங்க.”

குகநேசன் தலையைக் குனிந்துகொண்டான். வல்லிபுரத்துக்குக் கோபம் வரும், கூட்டம் குழம்பும் என்று அவனும் கொன்ராட்டும் எதிர்பார்த்தார்கள்.

“அப்பிடியா தம்பி?” என்றார் வல்லிபுரம். “எங்களுக்கு இது தெரியாதே. அப்ப இறாலுக்கு என்ன செய்யிற?”

“தலையில கட்டுற சின்ன லைட் இருக்கி ஐயா. பகல்ல வெயில்ல வெச்சாக் காணும். நான் கொண்டந்து தாறன்.”

“அப்பக் கொண்டாங்க. இனி ஆரும் பெற்றரியக் கழட்டப்படாது, கேட்டுதா?” வல்லிபுரம் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் தலையாட்டியது. யாரோ ஒருத்தி பாறூக்குக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். அவ்வளவுதான் நடந்தது. குகநேசன் இத்தனை மாரியாக நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தது, ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துபோயிற்று.

வல்லிபுரம் திரும்பி அவனைப் பார்த்தார்.

“மருமகன், இது உங்களுக்கும் தெரியுமா?”

“ஓம் மாமா.”

“எப்ப தொட்டு?”

“முதல்ல இருந்தே.”

“அப்ப ஏன் சொல்லல்ல?”

குகநேசனின் கண் வாவிப் பக்கம் போனது.

“நாங்க களவாவா கொண்டு போன? உங்கட கண்ணுக்கு முன்னாலதானே கொண்டு போன. உங்களுக்குப் பங்கும் தந்தம், நீங்களும் சாப்பிட்டீங்க. கொம்பனி ஆளே வாங்கிச் சாப்பிடுறாரெண்டா எல்லாம் சரியாத்தான் இருக்கும் எண்டு இருந்திட்டம். பிழையெண்டா எங்கட மருமகன் சொல்லாம விடுவாரா எண்டுதான் நினைச்ச.”

கொன்ராட்டால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. “அதுக்காகத்தான் ஐயா இவனுக்கு வேலை போன. கேட்டவங்களுக்கு உங்கட பேரச் சொல்லல்ல. தன்ட பிழையெண்டு சொல்லிப்போட்டு வந்தான்.”

வல்லிபுரம் கவிழ்த்துப் போட்டிருந்த தோணியின் மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் எழும்பவில்லை. பாறூக் தேத்தண்ணிக் கோப்பையை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

செய்தி குகநேசனுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. மேனுகா படலையிலேயே நின்றாள்.

“எனக்குச் சொல்லியிருக்கலாமே.”

“உனக்குத் தெரியும் எண்டு நினைச்சன்.”

“எனக்கு எப்பிடித் தெரியும்? கரண்ட் படிச்சவளா நான்? நீங்க உப்பச் சுரண்டுவீங்க, அதுதான் உங்கட வேலையெண்டு நினைச்சன். எனக்குச் சொல்லியிருந்தா நான் அம்மாட்டச் சொல்லியிருப்பன். அம்மா சித்தப்பாட்டச் சொல்லியிருப்பா. இந்த வீட்டில எல்லாம் அப்பிடித்தானே போகுது. தேத்தண்ணிக்கு வாயா இருந்தவள் இதுக்கு வாயா இருக்க மாட்டனா?”

அவள் அழுதாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் அழுதது. விடிந்தால் கொழும்பு பஸ். இனி ஒன்றையும் திருப்ப முடியாது என்று குழந்தையைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பின்னேரம் வல்லிபுரம் தன் தோணியில் தனியாகப் போய், வெளிச்சத்திலேயே வீச்சு வலை எறிந்து, கிடைத்ததை எல்லாம் ஓலைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். சின்ன இறால்கள். அவர் வீட்டுக்குள் வரவில்லை. படலையில் பெட்டியை வைத்துவிட்டு, குகநேசன் கண்ணில் படாமலே போய்விட்டார். சீதேவி முருங்கைக்காயும் தேங்காய்ப் பாலும் விட்டுக் காய்ச்சினாள்.

குகநேசன் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தான். மேனுகா குழந்தையை உறங்கவைக்க அறைக்குள் போயிருந்தாள். குசினிக்கும் அவனுக்கும் இடையில் சொல்லிவிட ஆள் இல்லை. கொஞ்ச நேரம் அகப்பைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சீதேவி கறிச்சட்டியோடு வெளியே வந்து அவன் முன்னால் குந்தினாள். கலியாணம் முடிந்த நாள்முதல் அவன் அவளுடைய முகத்தை இவ்வளவு கிட்டப் பார்த்ததில்லை. கண் வீங்கியிருந்தது. இறாலை அள்ளிச் சோற்றில் போட்டாள்.

“நாங்க என்ன, கடிச்சுப்போடுவமா மனே?”

அவனை அவள் நேரே மகன் என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

“இஞ்சதான் பூட்டி வெச்சீங்க. போற இடத்திலயாவது வாயத் திறந்து கதையுங்க.”

“ஓம் மாமி,” என்றான் குகநேசன்.

இன்னும் ஒரு கரண்டி போட்டுவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் அங்கேயே குந்தியிருந்தாள்.